நூலகத் துப்புரவு டெண்டர்: சிறிய நிறுவனம் பிரித்தானிய அரசு ஒப்பந்தங்களில் நுழைவது எப்படி?

வெம்பிளிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் வடமேற்கு இலண்டனில் ஒரு சிறிய துப்புரவு நிறுவனம் நடத்துகிறோம். பதினாறு பேர் வேலை செய்கிறார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் பகுதிநேர ஊழியர்கள். ஆண்டு வருமானம் ஏறத்தாழ 310,000 பவுண்டு. கணக்காளர் அலுவலகங்கள், பல் மருத்துவ நிலையங்கள், கிடங்குகள் என்று தனியார் இடங்களில் மட்டுமே இதுவரை வேலை செய்திருக்கிறோம். தனியார் வாடிக்கையாளர் ஒரு மாத முன்னறிவிப்பில் விலகிவிட முடியும் என்பதால், சில ஆண்டுகளாவது நிலைத்திருக்கும் அரசு ஒப்பந்தங்களைப் பற்றி இப்போது யோசிக்கிறோம்.

அண்மையில் ஒரு கவுன்சிலின் அறிவிப்பைப் பார்த்தேன். ஐந்து நூலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. மூன்று ஆண்டு ஒப்பந்தம், கவுன்சில் விரும்பினால் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்பு. மதிப்பு வாட் வரி உட்பட 420,000 பவுண்டு என்று போட்டிருக்கிறார்கள். ஊழியர் அனைவருக்கும் இலண்டன் வாழ்வூதியம் (இலண்டனின் வாழ்க்கைச் செலவை வைத்துக் கணக்கிடப்படும், சட்டக் குறைந்தபட்சத்தைவிட உயர்ந்த மணி ஊதியம்) கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆவணங்களோடு ஒரு பட்டியலும் இணைக்கப்பட்டுள்ளது. அதில் பெயர் இல்லாமல் ஐந்து பணியாளர்களின் வேலை நேரம், ஊதியம், சேர்ந்த தேதி ஆகியவை உள்ளன. ஒவ்வொருவருக்கும் வாரம் 15 மணி நேரம். இந்தப் பட்டியலை எதற்காக எங்களுக்குத் தருகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

இன்னும் சில ஐயங்களும் உண்டு. இத்தகைய அறிவிப்புகளை மின்னஞ்சலில் அனுப்புவதற்கு ஆண்டுக் கட்டணம் கேட்கும் தனியார் தளங்களில் சேரத்தான் வேண்டுமா? தணிக்கை செய்த மூன்றாண்டுக் கணக்குகளும் ஒரு கோடி பவுண்டுக்கான காப்புறுதியும் முன்கூட்டியே இல்லாவிட்டால் விலைமனுவைத் திறந்தே பார்க்க மாட்டார்கள் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், அது உண்மையா? இந்த டெண்டரில் இறங்குவது அறிவுடைமையா, அல்லது ஒரு பெரிய நிறுவனத்திடம் துணை ஒப்பந்தம் எடுத்துத் தொடங்குவது நல்லதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பழைய கோப்பு எழுதியது:

வணக்கம் சகோதரி. ஓய்வு பெறும் வரை இலண்டன் கவுன்சில் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். விலைமனுக்களைப் பெற்று மதிப்பிட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அறிவிப்புகளைப் பார்ப்பதற்கு எவருக்கும் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டின் கொள்முதல் சட்டம் 2025 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு 'ஃபைண்ட் எ டெண்டர்' என்ற அரசுத் தளமே எல்லாவற்றுக்கும் மையமாகிவிட்டது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவிப்புத் தளத்தை விட்டு வெளியேறியபோது, 2021 தொடக்கத்தில், பெரிய ஒப்பந்தங்களுக்காக மட்டும் உருவாக்கப்பட்ட இத்தளத்தில் இப்போது சிறிய ஒப்பந்தங்களும் வெளியாகின்றன. பழைய சட்டத்தின்படி தொடங்கிய சிறு கொள்முதல்களின் விவரங்கள் 'காண்ட்ராக்ட்ஸ் ஃபைண்டர்' தளத்தில் இன்னும் கிடக்கின்றன. முந்தைய ஒப்பந்தங்கள் யாருக்கு, என்ன விலைக்குப் போயின என்று அறிய அவை பயன்படும். தேடும்போது வெறும் சொற்களை மட்டும் நம்பாமல் பொருட்குறியீடுகளையும் இடுங்கள். 90910000 என்பது துப்புரவுச் சேவைகளுக்கான பொதுக் குறியீடு. 90919200 அலுவலகங்களுக்கும் 90919300 பள்ளிகளுக்கும் உரியவை. அவசரத்தில் பொருந்தாத குறியீட்டை இட்டுவிடும் அலுவலர்களும் உண்டு என்பதால் இரண்டு வழியிலும் தேடுவதே பாதுகாப்பு. தேடலைச் சேமித்து வைத்தால் புதிய அறிவிப்புகள் மின்னஞ்சலில் வந்து சேரும். கட்டணத் தளங்கள் பெரும்பாலும் இதே தகவலைத்தான் திரட்டித் தருகின்றன.

அதே தளத்தில் உங்கள் நிறுவனத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நிறுவனத்தின் அடிப்படை விவரங்கள், அதைக் கட்டுப்படுத்தும் நபர்கள், நிதிநிலை, போட்டியிலிருந்து விலக்கக் கூடிய காரணங்கள் எவையேனும் உண்டா என்பதற்கான பதில்கள் ஆகியவற்றை ஒருமுறை பதிந்துவிட்டால், ஒவ்வொரு டெண்டருக்கும் ஒரு பகிர்வுக் குறியீட்டைக் கொடுத்து அவற்றைப் பயன்படுத்தலாம். முன்பெல்லாம் ஒரே கேள்விக்கு இருபது கவுன்சில்களுக்கு இருபது முறை பதில் எழுத வேண்டியிருந்தது.

அடுத்து, எல்லைத் தொகை. 2026 ஜனவரி முதல் கவுன்சில்களின் சரக்கு, சேவை ஒப்பந்தங்களுக்கு வாட் வரி உட்பட 207,720 பவுண்டும், மத்திய அமைச்சகங்களுக்கு 135,018 பவுண்டும் எல்லை. இந்த மதிப்பை நீட்டிப்பு ஆண்டுகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆகவே நீங்கள் கண்ட ஒப்பந்தம் எல்லைக்கு மேற்பட்டது. சட்டத்தின் முழு நடைமுறையும் அதற்குப் பொருந்தும். எல்லைக்குக் கீழே உள்ளவற்றில் உங்களைப் போன்றோருக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. கட்டுமானம் அல்லாத அத்தகைய ஒப்பந்தங்களில், நிறுவனத்தின் தகுதியை முதலில் சோதித்து ஒரு சிலரை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுமதிக்கும் வடிகட்டலைக் கவுன்சில் செய்யக் கூடாது. ஆனால் கவுன்சில் பொதுவாக விளம்பரப்படுத்தினால்தான் 30,000 பவுண்டிலிருந்து அறிவிப்பு கட்டாயம். தாமே தேர்ந்தெடுத்த சிலரிடம் மட்டும் விலை கேட்டால் அறிவிப்பே வராது. அந்தச் சிலரை, தம் மின்னணு போர்ட்டலில் பதிவு செய்தவர்களிலிருந்துதான் கவுன்சில்கள் பெரும்பாலும் எடுக்கின்றன. எனவே அருகிலுள்ள கவுன்சில்கள் எந்தப் போர்ட்டலைப் பயன்படுத்துகின்றன என்று பார்த்து, ப்ரோகான்ட்ராக்ட் ஆனாலும் இன்-டெண்ட் ஆனாலும், ஒவ்வொன்றிலும் துப்புரவுப் பிரிவின் கீழ்ப் பதிந்து வையுங்கள். கட்டணமில்லாத இந்தப் பதிவைச் செய்யாமலே, அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று வருந்துவோரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்தது. இப்போது சட்டத்தின் 22ஆம் பிரிவு அதைத் தெளிவாகத் தடுக்கிறது. நிறுவனச் சட்டப்படி தணிக்கை செய்ய வேண்டிய கடமை இல்லாத நிறுவனத்திடம் தணிக்கை செய்த கணக்குகளைக் கேட்கக் கூடாது. ஒப்பந்தத்துக்கான காப்புறுதி, ஒப்பந்தம் வழங்கப்படும் முன்பே இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கக் கூடாது. கிடைத்தால் எடுத்துக்கொள்வேன் என்று உறுதியளித்தால் போதும். ஒரு குறிப்பிட்ட அரசு அமைப்பிடம் முன்பு ஒப்பந்தம் பெற்றிருக்க வேண்டும் என்று கேட்பதும் கூடாது. பல் மருத்துவ நிலையத்தைச் சுத்தம் செய்த அனுபவம் நூலகத்தைச் சுத்தம் செய்வதற்குத் தாராளமாகப் பொருந்தும். வருமானத்தைப் பொறுத்தவரை, ஒப்பந்த மதிப்பின் இரு மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்ற உச்சவரம்பு பழைய விதிகளில் இருந்தது. புதிய சட்டம் 'பொருத்தமான அளவு' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. பலர் இன்றும் ஆண்டு மதிப்பை வைத்து அதே இரு மடங்கு அளவையே பின்பற்றுகிறார்கள். இந்த ஒப்பந்தத்தின் ஆண்டு மதிப்பு வாட் நீங்கலாக 70,000 பவுண்டு என்பதால் அந்தக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

ஊழியர் பட்டியலைப் பற்றி, அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் எழுதுவது பொருத்தம்.

லெஸ்டர்காரன் எழுதியது:

அக்கா, அந்தப் பட்டியல்தான் முழு டெண்டரிலும் முக்கியமான தாள். மற்ற ஆவணங்களைப் படிப்பதற்கு முன்பு அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

2006ஆம் ஆண்டின் தொழில் மாற்ற விதிகளை இங்கே எல்லோரும் 'டியூப்பீ' என்று சொல்வார்கள். ஒரு துப்புரவு ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறும்போது, அந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த ஊழியர்களும் தங்கள் ஊதியம், விடுமுறை, சேவைக்காலம் ஆகியவற்றை அப்படியே சுமந்துகொண்டு புதிய நிறுவனத்துக்கு மாறுவார்கள் என்பது அவ்விதிகளின் சாரம். நீங்கள் வென்றால் அந்த ஐந்து பேரும் முதல் நாள் காலையிலேயே உங்கள் ஊழியர்கள். உங்களிடம் இப்போது இருப்பவர்களை அங்கே அனுப்பி, மலிவாக முடித்துவிடலாம் என்று கணக்குப் போட முடியாது. அவர்களுள் ஒருவர் இருபது ஆண்டுகளாக வேலை செய்பவராக இருந்தால், பின்னாளில் ஆட்குறைப்பு நேரும்போது அந்த இருபது ஆண்டுக்கான இழப்பீடும் உங்கள் பொறுப்பே. அவர்களுக்குப் பழைய நிறுவனம் கொடுக்காமல் விட்ட ஊதிய நிலுவையும் உங்களிடம் வந்து சேரும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். இலண்டன் வாழ்வூதியம் மணிக்கு 14.80 பவுண்டு. வாரம் 15 மணி நேரம் வேலை செய்யும் ஒருவருக்கு ஆண்டு ஊதியம் 11,544 பவுண்டு ஆகிறது. அவர் 5.6 வாரம் ஊதியத்துடன் விடுமுறையில் இருக்கும்போது நூலகத்தைப் பூட்டி வைக்க முடியாது. மாற்று ஆளுக்கு 1,243 பவுண்டு. தேசியக் காப்புறுதி என்னும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பில் முதலாளியின் பங்கு, 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில் 15 விழுக்காடு. அது 982 பவுண்டு. ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்ச 3 விழுக்காடு, 6,240 பவுண்டுக்கு மேற்பட்ட தொகையில். அது 159 பவுண்டு. கூட்டினால் ஒரு நபருக்கு 13,928 பவுண்டு. நூலகத்தில் நடக்கும் ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் உங்கள் கையிலிருந்து போவது ஏறத்தாழ 17.86 பவுண்டு. மணிக்கு 14.80தானே, 17 பவுண்டு போட்டால் இலாபம் என்று நினைப்பவர் ஒவ்வொரு மணிக்கும் 86 பென்ஸைக் கவுன்சிலுக்கு நன்கொடையாகக் கொடுக்கிறார்.

ஐந்து பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 69,640 பவுண்டு. ஒப்பந்தத்தின் ஆண்டு மதிப்பு 70,000 என்று மேலே ஐயா எழுதியிருக்கிறார். மீதி 360 பவுண்டு. அதில் துப்புரவுத் திரவம், குப்பைப் பைகள், இயந்திரம், மேற்பார்வையாளர், ஐந்து நூலகங்களுக்கும் போய்வரும் எரிபொருள், காப்புறுதி எல்லாவற்றையும் அடக்க வேண்டும். நோய்க்கால ஊதியத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. 2026 ஏப்ரல் முதல் அது முதல் நாளிலிருந்தே, குறைந்த ஊதியம் பெறுவோருக்கும் உண்டு. தேசியக் காப்புறுதியில் சிறு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் 10,500 பவுண்டு சலுகை இப்போதுள்ள பதினாறு பேருக்கே பெரும்பாலும் தீர்ந்திருக்கும், அதையும் நம்பாதீர்கள்.

இதோடு விலை உயர்வு விதியையும் பாருங்கள். இலண்டன் வாழ்வூதியம் 13.85இலிருந்து 14.80க்கு ஏறியது ஒரே ஆண்டில் ஏறத்தாழ 6.9 விழுக்காடு. 2025 செப்டம்பரில் நுகர்வோர் விலைக் குறியீடு 3.8 விழுக்காடுதான் ஏறியிருந்தது. ஒப்பந்தத்தில் ஆண்டு உயர்வு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி என்று இருந்து, ஊதியம் மட்டும் வாழ்வூதியத்தின்படி ஏறினால், முதல் ஆண்டில் கிடைத்த சிறிய இலாபமும் மூன்றாம் ஆண்டில் நட்டமாகிவிடும். உயர்வே இல்லாத நிலையான விலை என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. அந்த ஐவருள் யாராவது முன்பு கவுன்சிலின் நேரடி ஊழியராக இருந்து வெளி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டவரா என்று கேளுங்கள். அப்படியானால் உள்ளாட்சி ஓய்வூதியத் திட்டத்திலோ அதற்கு இணையான ஒன்றிலோ அவரைத் தொடர வைக்க வேண்டியிருக்கும். அதில் முதலாளியின் பங்கு மேலே நான் போட்ட 3 விழுக்காட்டைப் போலப் பல மடங்கு இருக்கக் கூடும்.

என் கருத்தைக் கேட்டால் இந்த டெண்டரை விட்டுவிடுங்கள். எங்கள் நிறுவனம் எடுத்த ஒப்பந்தங்களைவிட, பட்டியலைப் படித்துவிட்டு எடுக்காமல் விட்ட ஒப்பந்தங்களால்தான் நாங்கள் இன்றும் தொழிலில் இருக்கிறோம்.

வெம்பிளிவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கணக்கைப் பார்த்ததும் திகைத்துப் போனேன். ஆனால் ஓர் ஐயம்: கவுன்சிலே 420,000 என்று மதிப்பிட்டிருக்கும்போது, அதற்கு மேல் விலை போட்டால் நிராகரித்துவிட மாட்டார்களா? அப்படியானால் மற்றவர்கள் எப்படித்தான் விலை போடுகிறார்கள்?

பழைய கோப்பு எழுதியது:

அறிவிப்பில் இருக்கும் தொகை ஒரு மதிப்பீடு மட்டுமே. உச்சவரம்பு என்று ஆவணங்களில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒழிய அதைத் தாண்டக் கூடாது என்ற விதி இல்லை. அந்தத் தொகை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். பெரும்பாலான நேரங்களில் சேவைப் பிரிவு அலுவலர் சென்ற ஒப்பந்தத்தில் கட்டிய தொகையை எடுத்து, ஆண்டு எண்ணிக்கையால் பெருக்கி, கொள்முதல் பிரிவுக்கு அனுப்புவார். ஊதிய உயர்வையோ, 2025 ஏப்ரலில் 13.8 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக ஏறிய தேசியக் காப்புறுதியையோ அவர் சேர்த்திருக்காமல் இருக்கலாம்.

லெஸ்டர் நண்பரின் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் உடனே விட்டுவிடச் சொல்வதில் உடன்பாடு இல்லை. டெண்டர் காலத்தில் விளக்கக் கேள்வி கேட்க ஒரு கடைசித் தேதி உண்டு. அதற்குள் போர்ட்டல் வழியாகக் கேளுங்கள். இப்போதைய இலண்டன் வாழ்வூதியத்தையும் பட்டியலில் உள்ள 75 மணி நேரத்தையும் அடிப்படையாகக் கொண்டுதான் மதிப்பீடு செய்யப்பட்டதா, மதிப்பீட்டைத் தாண்டிய விலை ஏற்கப்படுமா, ஆண்டு உயர்வு எந்தக் குறியீட்டின்படி, மாற்றத்துக்கு முந்தைய ஊதிய நிலுவைகளுக்குக் கவுன்சில் ஈட்டுறுதி (இழப்பைத் தானே ஈடுசெய்வதாக உறுதி) தருமா, ஓய்வூதியப் பொறுப்பைக் கவுன்சில் தன்னிடமே வைத்துக்கொள்ளுமா என்று தனித்தனிக் கேள்விகளாக எழுதுங்கள். பதில், கேட்டவரின் பெயரில்லாமல் எல்லாப் போட்டியாளருக்கும் போகும். ஆகவே உங்கள் தந்திரங்களைக் கேள்வியில் காட்டிவிடாதீர்கள். ஒரு நல்ல கேள்வியால் விலைப் படிவமே திருத்தி வெளியிடப்பட்டதையும் கடைசித் தேதி தள்ளிப்போனதையும் நான் கண்டிருக்கிறேன்.

மற்றவர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு: சிலர் தெரியாமல் குறைத்துப் போடுகிறார்கள், சிலர் அருகிலேயே வேறு ஒப்பந்தங்கள் வைத்திருப்பதால் மேற்பார்வைச் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள், சிலர் மாற்றத்துக்குப் பின் வேலை நேரத்தை மறுசீரமைக்கலாம் என்று நம்பி ஆபத்தை ஏற்கிறார்கள். விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தால் விளக்கம் கேட்டு, திருப்தியில்லையெனில் ஒதுக்கிவிடும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. மேலே உள்ளது போன்ற ஒரு மணி நேரக் கணக்கைத் தாளில் வைத்திருக்கும் நிறுவனம் அந்த விளக்கக் கட்டத்தில் தடுமாறாது.

ஈஸ்ட்ஹாம் எழுத்தர் எழுதியது:

நான் சிறு நிறுவனங்களுக்கு விலைமனு எழுதிக் கொடுப்பவள். விலையைப் பற்றிப் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டதால், தர மதிப்பெண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

புதிய சட்டத்தில் 'மிகவும் சாதகமான விலைமனு' வெல்ல வேண்டும் என்பதுதான் அளவுகோல். பழைய விதிகளில் அதற்கு முன்னால் இருந்த 'பொருளாதார ரீதியில்' என்ற அடைமொழி எடுக்கப்பட்டுவிட்டது. நடைமுறையில் விலைக்கும் தரத்துக்கும் உள்ள பங்கு டெண்டருக்கு டெண்டர் மாறும். தரத்துக்குப் பெரிய பங்கு இருக்கும் டெண்டர்களை மட்டும் சிறு நிறுவனங்கள் தேர்ந்தெடுப்பது நல்லது. விலைக்கு எழுபது எண்பது விழுக்காடு ஒதுக்கியிருந்தால், பெரிய நிறுவனங்களோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

தரக் கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது எங்கள் நிறுவனம் உயர்ந்த தரத்துக்குப் பெயர் பெற்றது என்ற வகை வாக்கியங்களுக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காது. மதிப்பிடுபவர் கையில் ஓர் அட்டவணை இருக்கும். கேள்வியில் என்னென்ன கேட்கப்பட்டுள்ளதோ அவை பதிலில் உள்ளனவா என்று பார்த்து மதிப்பெண் இடுவார். உதாரணமாக, 'பணியாளர் வராத நாளில் சேவை தடைப்படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்' என்று கேட்டால், காலை எத்தனை மணிக்குள் யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், மாற்று ஆள் எங்கிருந்து வருவார், அவருக்கு அந்த நூலகத்தின் சாவியும் எச்சரிக்கை மணியின் எண்ணும் எப்படிக் கிடைக்கும், நூலக மேலாளருக்கு யார் தகவல் சொல்வார் என்று நடப்பதை நடக்கிறபடியே எழுதுங்கள். பல் மருத்துவ நிலையங்களில் இதை நீங்கள் தினமும் செய்துகொண்டுதான் இருப்பீர்கள். பதினாறு பேர் நிறுவனத்தில் முதலாளியே தொலைபேசியை எடுப்பார் என்பது பெரிய நிறுவனத்தால் எழுத முடியாத பதில். சொல் வரம்பை மீறாதீர்கள்; வரம்பைத் தாண்டிய பகுதியைப் படிக்காமல் விட்டுவிடுவதாகப் பல கவுன்சில்கள் முன்கூட்டியே எச்சரிக்கின்றன.

சமூக மதிப்பு என்ற தலைப்பிலும் கேள்வி இருக்கும். 2012ஆம் ஆண்டின் சமூக மதிப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்த வழக்கம் இது. உள்ளூரில் எத்தனை பேருக்கு வேலை, பயிற்சி, உள்ளூர்க் கடைகளிலிருந்து கொள்முதல் போன்றவற்றுக்கு எண்ணோடு வாக்குறுதி கேட்பார்கள். வென்றால் அது ஒப்பந்தக் கடமையாகிவிடும் என்பதை மறந்துவிட்டு அள்ளி வீசுபவர்கள் உண்டு. எழுபதாயிரம் பவுண்டு ஒப்பந்தத்தில் ஒரு பயிற்சிப் பணியாளரை வைத்துக்கொள்வதாக எழுதினால் அவருடைய ஊதியம் எந்தப் பணத்திலிருந்து வரும் என்று அடுத்த வரியிலேயே கேள்வி எழும்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். மின்வழியில் விலைமனு பெற்று, எல்லா ஆவணங்களையும் அறிவிப்போடு சேர்த்தே வெளியிடும் கவுன்சில் 25 நாள் அவகாசம் தந்தால் போதும். முதல் விலைமனு எழுதுபவருக்கு அது குறைவு. பொதுவான பதில்களின் வரைவு, பாதுகாப்புக் கொள்கை, வேதிப்பொருள் ஆபத்து மதிப்பீடு, மூன்று வாடிக்கையாளரின் பரிந்துரைகள் ஆகியவற்றை எந்த டெண்டரும் இல்லாத காலத்திலேயே தயார் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி நாள் நண்பகல் பன்னிரண்டு மணி என்றிருந்தால் முந்தைய நாளே பதிவேற்றுங்கள். போர்ட்டல் மூடிவிட்டால் யாரிடம் கெஞ்சியும் பயனில்லை.

துணை ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல். பெரிய நிறுவனங்களுக்குக் கீழே வேலை செய்தால் பணம் தாமதமாகும் என்ற பயம் பலருக்கு உண்டு. சட்ட எல்லைக்குள் வரும் ஒப்பந்தங்களில் 30 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்ற விதி, அந்த வேலைக்காகச் செய்துகொள்ளும் துணை ஒப்பந்தங்களுக்கும் பொருந்தும். ஆனால் துப்புரவுத் தொழிலில் இலாப விகிதம் மெலிந்தது. மேலேயுள்ளவர் தம் பங்கை எடுத்த பின் கீழே என்ன மிஞ்சும் என்பதை லெஸ்டர் அண்ணன் போட்ட கணக்கே சொல்லும். சன்னல் கண்ணாடி, தரைவிரிப்பு போன்ற தனித் திறன் வேலைகளுக்குத் துணை ஒப்பந்தம் பொருந்தும். அன்றாடத் துப்புரவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளைட் ஆற்றங்கரை எழுதியது:

இதைப் படிக்கும் ஸ்கொட்லாந்து அன்பர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. மேலே பேசப்படும் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இங்குள்ள கவுன்சில்களுக்குப் பொருந்தாது. இங்கே 2014ஆம் ஆண்டின் கொள்முதல் சீர்திருத்தச் சட்டமும் 2015ஆம் ஆண்டின் விதிகளும் நடைமுறையில் உள்ளன. வாட் நீங்கலாக 50,000 பவுண்டு முதல் சரக்கு, சேவை ஒப்பந்தங்கள் அச்சட்டத்துக்குள் வருகின்றன. 'பப்ளிக் காண்ட்ராக்ட்ஸ் ஸ்கொட்லாந்து' என்ற இலவசத் தளத்தில் தேடுங்கள். அதிலுள்ள 'குயிக் கோட்' வழியாகச் சிறிய வேலைகளுக்குப் பதிவு பெற்றவர்களிடம் நேரடியாக விலை கேட்கிறார்கள். வேல்ஸுக்கு 'செல்டூவேல்ஸ்', வட அயர்லாந்துக்கு 'இ-டெண்டர்ஸ் என்.ஐ.' தளங்கள் உள்ளன.

வெம்பிளிவாசி எழுதியது:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. நானும் கணவரும் உட்கார்ந்து கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தோம். பொருள்கள், மேற்பார்வை, சிறிய இலாபம் எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு வாட் நீங்கலாக 83,000 பவுண்டுக்குக் குறைவாக எங்களால் செய்ய இயலாது. ஐயா சொன்னபடி ஐந்து கேள்விகளையும் போர்ட்டலில் அனுப்பிவிட்டோம். நிலுவை ஊதியத்துக்கு ஈட்டுறுதி இல்லை, அல்லது மதிப்பீட்டைத் தாண்டக் கூடாது என்று பதில் வந்தால் விலகிக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

இரண்டு கேள்விகள் மட்டும் மீதம் உள்ளன. விலைமனு கொடுத்துத் தோற்றால் ஏன் தோற்றோம் என்று சொல்வார்களா? எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் நிறையப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் அறிவிப்புகள் ஏன் தளத்தில் அவ்வளவாகக் காணப்படவில்லை?

பழைய கோப்பு எழுதியது:

எல்லைக்கு மேற்பட்ட கொள்முதலில், மதிப்பிடப்பட்ட ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டுச் சுருக்கம் ஒன்றை அனுப்ப வேண்டியது கவுன்சிலின் கடமை. உங்களுக்கு எந்தக் கேள்வியில் எத்தனை மதிப்பெண், ஏன் என்பது அதில் இருக்கும். வென்றவரின் மதிப்பெண்களும் இருக்கும். முடிவு அறிவிப்பு வெளியான பின் குறைந்தது எட்டு வேலை நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் காத்திருக்க வேண்டும் என்பதும் விதி. தவறு நடந்திருப்பதாக நினைத்தால் அந்த எட்டு நாளுக்குள்ளேயே எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றத்துக்குப் போக 30 நாள் அவகாசம் இருந்தாலும் செலவு உங்களைப் போன்றோருக்குக் கட்டுப்படியாகாது. அமைச்சரவை அலுவலகத்தின் கீழ் இயங்கும் பொதுக் கொள்முதல் ஆய்வுச் சேவையிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். ஆனால் அவர்கள் முடிவை மாற்றித் தர மாட்டார்கள், கவுன்சிலிடம் விசாரித்துப் பரிந்துரை மட்டும் செய்வார்கள்.

பள்ளிகளைப் பற்றி நீங்கள் கவனித்தது சரி. எல்லைக்குக் கீழுள்ள ஒப்பந்தங்களுக்கான அறிவிப்பு விதிகளிலிருந்து பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. ஒரு தொடக்கப் பள்ளியின் துப்புரவு வேலை பல ஆண்டுகளைச் சேர்த்தாலும் பெரும்பாலும் 207,720 பவுண்டைத் தொடாது. ஆகையால் பள்ளியின் வணிக மேலாளர் தமக்குத் தெரிந்த மூன்று நிறுவனங்களிடம் விலை வாங்கி, பள்ளி நிர்வாகத்தை மேற்பார்வையிடும் ஆளுநர் குழுவின் முன் வைப்பார். அந்த மூவரில் ஒருவராக இருப்பதற்கு எந்தத் தளமும் உதவாது. இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டு வணிக மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் ஊழியர்களுக்கான குற்றப் பின்னணிச் சான்றுகள் தயாராக உள்ளன என்பதை அதில் குறிப்பிடுங்கள். பல பள்ளிகளை ஒன்றாக நடத்தும் அறக்கட்டளைகள் என்றால், தலைமை அலுவலகத்தில் சொத்து மேலாளர் என்று ஒருவர் இருப்பார்; கடிதம் அவருக்குப் போக வேண்டும். பல பள்ளிகளில் துப்புரவு ஒப்பந்தம் கோடை விடுமுறையை ஒட்டியே மாறும் என்பதால் சனவரி, பிப்ரவரியில் எழுதுவது பொருத்தமான காலம். அங்கும் ஊழியர் பட்டியலைக் கேட்டு வாங்காமல் விலை சொல்லாதீர்கள். டியூப்பீ விதிகள் பள்ளிக்கும் அப்படியே பொருந்தும்.